திரையைப் பகிரும் முன் ஒரு நிமிடம்!

"மேல மூணு கோடு இருக்கு பாருங்கம்மா, அதை அமுக்குங்க."

"எந்த மூணு கோடுப்பா? இங்க ஒண்ணுமே காணோமே!"

வெளியூரில் வேலை பார்க்கும் மகன், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஆன்லைனில் பட்டா நகல் எடுக்கச் சொல்லிக்கொடுத்தால், பாதி நேரம் இப்படியே போய்விடும். இதற்குக் கைகொடுப்பதுதான் 'ஸ்கிரீன் ஷேர்'. வீடியோ காலில் பேசிக்கொண்டே அம்மா தன் போன் திரையை மகனுக்குக் காட்டலாம். ஜூம், கூகுள் மீட் செயலிகளில் மட்டுமல்ல, 2023 ஆகஸ்ட் முதல் வாட்ஸ்அப்பிலும் இந்த வசதி வந்துவிட்டது.

ஆனால், இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. தெரிய வேண்டிய எழுத்து மங்கலாகத் தெரியும். தெரியக் கூடாத விஷயம் பளிச்சென்று தெரிந்துவிடும்!

ஏன் மங்கலாகிறது?

திரையைப் பகிரும்போது, உங்கள் போன் திரையைத் தொடர்ந்து படம் எடுத்து, அளவைச் சுருக்கி, இணையம் வழியே அனுப்புகிறது. திரையை வேகமாகத் தள்ளினால் ஒவ்வொரு படமும் மாறும்; அனுப்ப வேண்டிய தகவலும் கூடும். நெட் வேகம் குறைவாக இருந்தால், படம் மங்கும் அல்லது விட்டுவிட்டு வரும்.

தெளிவாகத் தெரிய என்ன செய்யலாம்?

• பக்கத்தை மெதுவாக நகர்த்துங்கள். நிறுத்திய பிறகு ஓரிரு நொடி காத்திருங்கள். எழுத்து தானாகத் தெளிவாகும்.
• போன் அமைப்புகளில் எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.
• எதிரில் இருப்பவர் தன் கேமராவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசட்டும். நெட் மிச்சமாகும்.

எல்லாவற்றையும் காட்டாதீங்க!

முழுத் திரையையும் பகிர்ந்தால், நடுவில் வரும் குறுஞ்செய்தி, ஓடிபி, வங்கி இருப்பு என எல்லாமே எதிரில் இருப்பவருக்குத் தெரியும். மோசடிக்காரர்களுக்கு வேண்டியதும் இதுதான். "கேஒய்சி அப்டேட் பண்ணணும், ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்க" என்று வங்கி அதிகாரி போலப் பேசுவார்கள். நீங்கள் ஓடிபியை வாயால் சொல்லவே வேண்டாம். திரையில் வந்தாலே போதும், அவர்கள் படித்துக்கொள்வார்கள்.

எனவே,

• புதிய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில், பகிரத் தொடங்கும்போது 'ஒரு செயலி மட்டும்', 'முழுத் திரை' என்ற இரண்டு தேர்வுகள் வரும். தேவையான செயலியை மட்டும் தேர்ந்தெடுங்கள்.
• அந்தத் தேர்வு இல்லாத போனில், முதலில் 'தொந்தரவு செய்யாதே' வசதியை ஆன் செய்யுங்கள். அறிவிப்புகள் திரையில் குதிக்காது.
• ஆண்ட்ராய்டு 15-ல், பகிரும் நேரத்தில் அறிவிப்பில் வரும் ஓடிபி மறைக்கப்படும். ஆனாலும் பகிரும் நேரத்தில் குறுஞ்செய்தியை நீங்களே திறக்காதீர்கள்.
• ஓடிபி, பாஸ்வேர்டு, யுபிஐ பின் போட வேண்டிய இடம் வந்தால், பெற்ற பிள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாலும் பகிர்வதை நிறுத்துங்கள். போட்டு முடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். இதைப் பழக்கமாக்கிக்கொண்டால், அந்நியர் கேட்கும்போதும் கை தானாக நிற்கும்.
• முன்பின் தெரியாதவர் அழைத்துத் திரையைக் காட்டச் சொன்னால், யார் பெயரைச் சொன்னாலும் அழைப்பைத் துண்டியுங்கள்.

ஏமாந்துவிட்டால் தயங்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கிக்கும் தகவல் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.