ஒரே சென்ட்டுக்கு இத்தனை சாட்சிகள்

அராமிஸ் என்று ஒரு சென்ட் உண்டு. அமெரிக்காவின் எஸ்டே லாடர் நிறுவனம் 1960களின் நடுவில் ஆண்களுக்கென்று கொண்டுவந்தது, இன்றும் விற்கிறது. அதைப் போட்டுப் பார்த்தவர்களைக் கேட்டால், ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒட்டவே ஒட்டாது. ஒருவருக்கு அது உயர்ந்த ரக சோப்பு, அடுத்தவருக்கு வியர்வை வாடை. மழை விட்ட பிறகு காட்டுத்தரையில் எழும் மணம் என்று ஒருவர் உருகுவார். அணைத்துப் போட்ட சிகரெட் நெடி என்று இன்னொருவர் மூக்கைச் சுளிப்பார். ஒரு மணி நேரத்தில் காணாமல் போய்விட்டது என்று ஒரு புகார். சட்டையைத் துவைத்தும் போகவில்லை என்று இன்னொரு புகார். ‘தாத்தா வாசனை’ என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொள்பவர்களும் நிறைய.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. யாருடைய மூக்கும் கெட்டுப்போகவில்லை. இத்தனை முரண்பாடும் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் ஆவியாதலின் இயற்பியல், மரபணுக்களின் வேறுபாடு, ஐரோப்பியச் சட்டம் ஒன்று என்று பல வாசல்கள் திறக்கின்றன.

முதலில் குப்பிக்குள் இருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். அராமிஸ் சேர்ந்த குடும்பத்துக்கு ‘ஷிப்ர்’ என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் சைப்ரஸ் தீவை அப்படித்தான் அழைப்பார்கள். 1917இல் பிரான்சுவா கோட்டி அதே பெயரில் வெளியிட்ட சென்ட் இந்தக் குடும்பத்துக்கு இலக்கணம் வகுத்தது. மூன்று பொருள்கள் அதன் தூண்கள். மேலே, இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமாட் என்னும் எலுமிச்சை இனக் கனியின் தோல் எண்ணெய். நடுவே லேப்டனம் என்னும் பிசின். இது மத்தியதரைக்கடல் ஓரத்துப் புதர்ச்செடி ஒன்றில் கசிவது. அந்தப் புதர்களில் மேய்ந்துவிட்டு வரும் ஆடுகளின் தாடியில் பிசின் அப்பிக்கொள்ளும். அதைச் சீவி எடுப்பார்கள். கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டிலேயே ஹெரோடோட்டஸ் இந்த ஆட்டுத்தாடி வாசனையைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார்.

மூன்றாவது, ஓக் மரக் கிளைகளில் படரும் ‘ஓக் மாஸ்’. பெயரில் பாசி என்று இருந்தாலும் அது பாசி இல்லை. பூஞ்சையும் ஆல்காவும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் லைக்கன். பால்கன் நாடுகளின் காடுகளில் சேகரித்து, பிரான்ஸின் கிராஸ் நகரத்துக்கு அனுப்பிச் சாறு எடுப்பார்கள். இது நமக்கு அந்நியப் பொருள் என்று நினைக்க வேண்டாம். செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசியும் லைக்கன்தான். தாவரவியல் பட்டியலில் இரண்டும் ஒரே குடும்பம். கல்பாசியை வறுப்பதற்கு முன் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள். மண்ணும் மரப்பட்டையும் லேசான கசப்பும் கலந்த ஓர் உலர்ந்த மணம் வரும். ஷிப்ர் சென்ட்டின் அடித்தளம் ஏறக்குறைய அந்தத் திசையில்தான் இருக்கிறது.

இந்த மூன்றின் மேல் தோல் வாசனை வந்து உட்கார்ந்தால் அது ‘லெதர் ஷிப்ர்’. ஆனால் குப்பிக்குள் தோல் ஒரு துணுக்குகூடக் கிடையாது. பச்சைத் தோலுக்கு நாம் விரும்பும் வாசனை எதுவும் இல்லை, இருப்பது வீச்சம். தோல் வாசனை என்று நாம் சொல்வது பதனிடும் முறையின் வாசனை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டால் ஒரு மணம், குரோமிய உப்பில் பதனிட்டால் வேறொரு மணம். ரஷ்யர்கள் வில்லோ மரப்பட்டையில் பதனிட்டு, பிர்ச் மரப்பட்டையைக் கரியாக்கி எடுத்த தைலத்தைத் தோலில் ஏற்றினார்கள். 1786இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இத்தாலிக்கு இத்தகைய கலைமான் தோல்களை ஏற்றிச் சென்ற மெட்டா கேத்தரினா என்ற கப்பல் இங்கிலாந்தின் பிளிமத் கரையோரம் மூழ்கியது. 1973இல் முக்குளிப்பவர்கள் அதைக் கண்டுபிடித்தபோது, கடலடிச் சேற்றில் கிட்டத்தட்ட 2 நூற்றாண்டு கிடந்த தோலில் பல கட்டுகள் கெடவில்லை. கழுவி உலர்த்தியபோது பிர்ச் தைல மணமும் அதில் மிச்சமிருந்தது. பிறகு அதில் பையும் பர்ஸும் செய்து விற்றார்கள்.

புகையும் தாரும் கலந்த அந்த மணத்தைத்தான் சென்ட் செய்பவர்கள் குப்பிக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். தொடக்கத்தில் பிர்ச் தைலமே கைகொடுத்தது. பிறகு வேதியியல் ஒரு மாற்றைத் தந்தது. 1834இல் ரங்கே என்ற ஜெர்மானிய வேதியியலாளர் நிலக்கரித் தாரிலிருந்து குயினோலின் என்ற பொருளைப் பிரித்தார். அந்த வம்சத்தில் வந்த ஐசோபியூட்டைல் குயினோலின் பச்சையாக, கசப்பாக, புது லெதர்போல மணக்கும். துளி போதும், கலவையையே தன் பக்கம் இழுத்துவிடும். 1944இல் ஜெர்மேன் செலியே என்ற பெண் ‘பாண்டிட்’ சென்ட்டில் அதைத் தாராளமாக ஊற்றிப் பெயர் வாங்கினார். 1959இல் பெர்னார்ட் ஷாண்ட் அதே பாதையில் ‘கபோஷார்’ செய்தார். சில ஆண்டுகள் கழித்து அராமிஸைச் செய்தவரும் அவரே. கபோஷார் பெண்களுக்கு, அராமிஸ் ஆண்களுக்கு என்று விற்கப்பட்டன. இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்தால் உடன்பிறப்புகள் என்று தெரிந்துவிடும்.

இனி சாட்சிகளிடம் வருவோம். எந்த நேரத்தில் முகர்ந்தார் என்பதுதான் முதல் கேள்வி.

மணிக்கட்டில் ஒருமுறை அடித்ததும் ஆல்கஹால் பறக்கிறது, கூடவே பெர்கமாட். அதிலுள்ள லிமோனீன் ஆரஞ்சுத் தோலைப் பிதுக்கினால் தெறிக்குமே, அதே பொருள்; மூலக்கூறு எடை 136. இலேசானது, சீக்கிரம் கிளம்பிவிடும். நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஆர்ட்டெமிசியாவின் கசப்பும், சோப்பை நினைவூட்டும் ஆல்டிஹைடுகளும் இந்தக் கட்டத்தில்தான் தூக்கலாக இருக்கும். அரை மணி நேரத்தில் இவை பின்வாங்க, மல்லிகை முன்னே வரும். மாலையில் சட்டைக் கையில் மிஞ்சுபவை பச்சௌலி, வெட்டிவேர், ஓக் மாஸ், தோல் வாசனை. பச்சௌலியின் முக்கியப் பொருளுக்கு மூலக்கூறு எடை 222, மெதுவாகத்தான் ஆவியாகும். ஆக, ‘சோப்பு’ என்றவர் காலைச் சாட்சி, ‘காட்டுத்தரை’ என்றவர் மாலைச் சாட்சி. கடைக் கவுன்டரில் காகிதப் பட்டையை ஆட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்பவர், கதையின் முதல் பக்கத்துக்கு மட்டும் மதிப்புரை எழுதுகிறார்.

எந்த ஆண்டுக் குப்பி என்பது இரண்டாவது கேள்வி. ஓக் மாஸ் சாற்றிலுள்ள அட்ரனால், குளோரோ அட்ரனால் ஆகிய இரண்டும் சிலருடைய சருமத்தில் கடும் ஒவ்வாமையை உண்டாக்குபவை. தொழில்துறை பல ஆண்டுகளாகவே ஓக் மாஸின் அளவைக் குறைத்துக்கொண்டு வந்தது. 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த இரண்டு பொருள்களையும் ஒப்பனைப் பொருள்களில் தடை செய்தது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அவை கலந்த சரக்கு ஐரோப்பியக் கடைகளில் இருக்கக் கூடாது என்று கெடுவும் வைத்தது. இப்போது அவற்றை நீக்கிச் சுத்திகரித்த ஓக் மாஸையோ, ஓக் மாஸின் மணத்துக்கு முக்கியக் காரணமான, செயற்கையாகச் செய்த மூலக்கூறையோ பயன்படுத்துகிறார்கள். மணம் கிட்டத்தட்ட வருகிறது. பழைய ஆழம் குறைகிறது. ‘அந்தக் காலத்து அராமிஸ் இது இல்லை’ என்று அலுத்துக்கொள்ளும் பெரியவரின் பேச்சை வெறும் ஏக்கம் என்று தள்ள வேண்டாம். அவர் குறை சொல்வதற்கு வேதியியல் ஆதாரம் உண்டு.

யாருடைய மூக்கு என்பது மூன்றாவது. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991இல் வாசனை ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்தார்கள். 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு வேலை செய்யும் ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400. பட்டியல் பொதுவானது என்றாலும் ஆளுக்கு ஆள் அவை இயங்கும் விதம் மாறும். எந்த இருவரை எடுத்தாலும் ஏற்பிகளில் சுமார் 30 சதவீதம் வேறுவிதமாக இயங்கக்கூடும் என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வியர்வையில் உள்ள ஆண்ட்ரோஸ்டினோன் என்ற பொருள் சிலருக்கு மூத்திர வாடை, சிலருக்கு இனிய மணம், சிலருக்கு ஒன்றுமே இல்லை. OR7D4 என்ற ஒற்றை ஏற்பியின் மரபணு வேறுபாட்டுக்கு இதில் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு என்று 2007இல் தெரியவந்தது. கஸ்தூரி மணத்துக்காகச் சேர்க்கும் செயற்கைப் பொருள்களில் சிலவற்றை அறியவே முடியாதவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுடைய அராமிஸில் ஒரு பாகம் பிறவியிலேயே கழிந்துபோயிருக்கும்.

‘ஒரு மணி நேரத்தில் போய்விட்டது’ என்ற புகாருக்கும் பதில் மூக்கில்தான் இருக்கிறது. ஒரே வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தால் மூக்கு அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடும். புதிதாக வருவதைக் கவனிக்க அதற்கு அந்த ஓய்வு தேவை. போட்டவர் வாசனை போய்விட்டது என்று இன்னும் நான்கு முறை அடித்துக்கொள்வார். பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைத் திறப்பார்.

நான்காவது கேள்விதான் எனக்குப் பிடித்தது: முகர்ந்தவரின் மனதில் அதற்கு என்ன பெயர்? 2005இல் ஆக்ஸ்ஃபோர்டில் எட்மண்ட் ரோல்ஸ் குழுவினர் ஒரே வாசனையை இரண்டு பெயர்களில் முகரக் கொடுத்தார்கள். செடார் சீஸ் என்று எழுதியிருந்தபோது பிடித்த வாசனை, உடல் நாற்றம் என்று எழுதியிருந்தபோது பிடிக்கவில்லை. மூளையை ஸ்கேன் செய்ததில் இன்ப துன்பத்தை எடைபோடும் பகுதியின் செயல்பாடும் பெயருக்கு ஏற்ப மாறியிருந்தது. பெயர் வெறும் ஒட்டுச்சீட்டாக நின்றுவிடாமல் முகர்ந்த அனுபவத்தையே திருப்பியது.

அராமிஸில் இதற்குச் சரியான உதாரணம் ஒன்று இருக்கிறது. அதன் தொடக்கத்தில் சீரகச் சாயல் உண்டு. அக்குளில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் அமிலங்களில் ஒன்றுக்கும் சீரகத்தை ஒத்த மணம் இருக்கிறது. அன்றாடச் சமையலில் சீரகம் இல்லாத வீட்டில் வளர்ந்த மேலைநாட்டவர் அந்த இடத்தில் வியர்வையைக் காண்பதில் வியப்பில்லை. தினமும் ரசம் தாளிக்கும் வீட்டில் வளர்ந்த மூக்குக்கு அதே மணம் சாப்பாட்டு நேரம்.

‘தாத்தா வாசனை’யும் இப்படி வந்ததுதான். அராமிஸ் குப்பிக்குள் முதுமை என்று எதுவும் இல்லை. 1970களில் அமெரிக்காவில் அராமிஸ் போட்ட இளைஞர்கள் இன்று தாத்தாக்கள். பேரப்பிள்ளைகளின் மூக்கு இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. நம் தாத்தாக்கள் மணந்தது ஜவ்வாதும் சந்தனமும் விபூதியுமாக. அதனால் நம் ஊர்ப் பையன் அராமிஸை முகர்ந்தால் அதில் தாத்தா வரமாட்டார். கல்பாசியும் வெட்டிவேரும் மரிக்கொழுந்தும் சீரகமும் வரும். அமெரிக்கப் பேரனுக்குப் பழசாகிவிட்ட ஒன்று அவனுக்குப் புத்தம் புதுசாக இருக்கலாம். அடுத்த முறை ஒரு சென்ட்டைப் பற்றி யாராவது அடித்துச் சொன்னால், எந்த நேரம், எந்த ஆண்டுக் குப்பி, யார் மூக்கு, எந்த ஊர்ச் சமையல் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.