நிற்கும்போது கெடும் இன்ஜின்

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனப்பெருக்கத்துக்கான இந்தத் தடைக்காலமே படகுகளுக்குப் பழுதுபார்க்கும் காலமும்கூட. பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலை சீர்செய்வது எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். படகின் வயிற்றுக்குள் கிடக்கும் பழைய டீசல் இன்ஜினைக் கடலில் இறங்குவதற்கு முந்தைய வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் புதிதாக ஒரு பழைய படகு வாங்கியவருக்குத் தோன்றும். கணக்கு தலைகீழாக இருக்கிறது. படகு இன்ஜின் ஓடித் தேய்வதைவிட, உப்புநீரை உள்ளே வைத்துக்கொண்டு சும்மா நிற்கும்போதுதான் அதிகம் கெடுகிறது. ஆகவே வேலையைத் தடைக்காலத்தின் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். ஸ்பேனரை எடுக்கும் முன் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தங்குகிறது, எப்படி வெளியேறுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

லாரி இன்ஜினின் சூட்டை ரேடியேட்டர் வழியே காற்று வாங்கிக்கொள்கிறது. படகில் அந்த வேலை கடலுடையது. சில பழைய இன்ஜின்களில் கடல்நீர் நேராக பிளாக்குக்குள்ளேயே சுற்றி வரும். மற்றவற்றில் உள்ளே நல்ல தண்ணீர் சுற்ற, அதன் சூட்டை ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற குழாய்க் கூட்டில் கடல்நீர் இழுத்துக்கொள்ளும். முதல் வகையில் தண்ணீரின் சூடு சுமார் 60 டிகிரியைத் தாண்டினால், வெந்நீர்ப் பாத்திரத்தில் காரை பிடிப்பதுபோல உள்சுவரில் உப்புப் படிவம் ஏறும்; படிவம் சூட்டை வெளியே விடாது; சூடு கூடக் கூடப் படிவமும் கூடும். கடல்நீர் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு மற்ற உலோகத்தைக் காப்பதற்காகவே ஒரு துத்தநாகத் துண்டை உள்ளே வைத்திருப்பார்கள். அது பாதி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். பல மாதம் ஓடியும் கொஞ்சமும் கரையவில்லை என்றால் மகிழ வேண்டாம். உலோகத்தோடு அதற்குத் தொடர்பு அறுந்திருக்கலாம். தடைக்காலத்தின் முதல் நாளில் இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவி, நீரை வடித்து, கடல்நீரை இழுக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லரைக் கழற்றி வைப்பது நல்லது. இரண்டு மாதம் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்தால் அதன் இறக்கைகள் அப்படியே வளைந்து நின்றுவிடும்.

ஆயிலையும் அன்றே மாற்ற வேண்டும். எரிந்த டீசலின் கந்தகமும் ஈரமும் சேர்ந்து ஆயிலில் அமிலமாகி, நிற்கும் நாளெல்லாம் பேரிங்கை அரிக்கும் என்பது பழைய விளக்கம். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டு டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கூடாது என்றாகிவிட்டதே, அமிலம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். கேள்வி சரிதான், அந்தப் பயம் பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் ரிங் தேய்ந்த இன்ஜினில் எரிந்த வாயு கீழே கசிந்து ஈரத்தையும் கரியையும் ஆயிலில் சேர்ப்பது நிற்கவில்லை. டீசல் டேங்க்கின் கதையும் ஈரம்தான். பாதி காலியான டேங்க்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் நீராக இறங்கும். நீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து பில்டரைக் கருஞ்சளிபோல அடைக்கும். டேங்க்கை நிரப்பி வைத்தால் இது குறையும். அவ்வளவு பணத்தை டீசலில் முடக்க முடியாதவர், இறங்குமுன் டேங்க்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டாவது போகலாம்.

இதெல்லாம் மெக்கானிக் வேலை, புதியவர் கைவைத்தால் கெடும் என்பார்கள். பாதி உண்மை. எரிபொருள் பம்பையும் நாசிலையும் பரிசோதனை மேடை இல்லாமல் தொடக்கூடாது. நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். ஹெட்டின் போல்ட்டுகளுக்கு வரிசையும் இறுக்கமும் உண்டு. ஆனால் மெக்கானிக் வருவது பழுதான பிறகு. புகையின் நிறத்தைத் தினமும் பார்ப்பவர் படகுக்காரர். கரும்புகை கண்டதும் இன்ஜினைப் பிரிக்கத் துடிப்பவர், முதலில் புரொப்பல்லரில் சிப்பியும் பாசியும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். பாரம் கூடினாலும் புகை கறுக்கும். புகையோடு கடல்நீரையும் வெளித்தள்ளும் அமைப்புள்ள படகில், ஸ்டார்ட் ஆகாத இன்ஜினை ஸ்டார்ட்டரால் விடாமல் சுற்றுவது பெரும் ஆபத்து. தள்ளிவிடப் புகை இல்லாததால் நீர் சைலன்சரில் நிரம்பித் திரும்பி சிலிண்டருக்குள் புகும். நீர் சுருங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுற்றி, பற்றிய உடனே திறக்க வேண்டும் என்பது மெக்கானிக் உடனில்லாத நேரத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

புது இன்ஜின் வாங்கினால் தொல்லை தீருமே என்றால், பிளாக்கின் நீர்ச்சுவர் அரித்து ஓட்டையானவருக்கும் உதிரிப்பாகமே கிடைக்காதவருக்கும் அதுதான் வழி. மற்றவர்களுக்குப் இயந்திர எரிபொருள் பம்ப் உள்ள பழைய இன்ஜினில் ஒரு வசதி இருக்கிறது: ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரம் இல்லாமலும் ஓடும். புதியதும் அதே உப்புநீரைத்தான் குடிக்கப் போகிறது.

இறங்கும் நாளில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ஷாஃப்ட் வெளியேறும் கயிற்றுக் கிளாண்டில் ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு நீர் கசிய வேண்டும். கசிவே கூடாது என்று இறுக்கினால் ஷாஃப்ட் சூடேறித் தேயும். ஸ்டார்ட் ஆகி அரை நிமிடத்தில் வெளிக்குழாயில் கடல்நீர் வராவிட்டால் நிறுத்திவிட்டு இம்பெல்லரைப் பார்க்க வேண்டும். உடைந்திருந்தால் புதியதை மாட்டுமுன் உடைந்த இறக்கைகளை எண்ண வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும், அது ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் போய் உட்கார்ந்திருக்கும்.