முன்சில்லு எழும்பும்போது: எமது இளைஞர்களுக்கும் வாப்பாமாருக்கும்

கடந்த நோன்புப் பெருநாள் அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம் தொலைபேசி அடித்தது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் பசறைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாதையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்துவிட்டான் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தோள்பட்டை எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. உயிருக்கு ஆபத்தில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வார்டுக்கு வெளியே அவனுடைய வாப்பா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். பைக் லீசிங்கில் எடுத்தது. இன்னும் இரண்டு வருடத் தவணை பாக்கி. "வேலைக்குப் போக லேசா இருக்கும் எண்டுதான் எடுத்துக் குடுத்தேன் சேர்" என்று மட்டும் சொன்னார்.

நடந்தது இதுதான். பெருநாள் தொழுகை, சாப்பாடு எல்லாம் முடிந்து கூட்டாளிமார் ஐந்து பேர் பைக்கில் கிளம்பியிருக்கிறார்கள். டவுனில் பொலிஸ் நிற்கும் என்று தோட்டப் பாதைக்குப் போயிருக்கிறார்கள். ஒருவன் போனில் வீடியோ எடுக்க, இவன் முன்சில்லைத் தூக்கி 'வீலி' அடித்திருக்கிறான். மூன்றாவது தடவை வளைவுக்குக் கிட்ட போய்விட்டது. வளைவுக்கு அந்தப் பக்கம் விறகுக் கட்டோடு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த மூன்று பெண்கள். ஒரு அம்மா கானுக்குள் பாய்ந்து தப்பியிருக்கிறார். கை கால் எல்லாம் சிராய்ப்பு. அந்த லயத்து ஆட்கள்தான் பெருநாள் உடுப்போடு இரத்தத்தில் கிடந்த எங்கள் பிள்ளையைத் தூக்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவனைப் பார்க்கப் போனேன். அவன் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "சேர், எல்லாரும் ஏசிட்டாங்க. நீங்க ஏசாம சொல்லுங்க. யூடியூபில செய்றவங்க விழுறல்லையே, நான் என்ன பிழை விட்டேன்?"

விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் அவனுக்குச் சொன்ன பதிலை மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்ல நினைக்கிறேன். "செய்யாதே" என்று ஆயிரம் தடவை சொல்லிவிட்டோம். ஏன் என்று ஒரு தடவையாவது ஒழுங்காக விளக்கினோமா?

முன்சில்லு ஏன் எழும்புகிறது?

பஸ் திடீரென்று எடுபட்டால் நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்வார். கால் பஸ்ஸோடு போகிறது, உடம்பின் பாரம் பின்தங்குகிறது. மோட்டார் சைக்கிளிலும் அதுதான். பின்சில்லு தரையைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் தரை மட்டத்தில் நடக்கிறது. பைக்கும் ஓட்டுபவரும் சேர்ந்த பாரத்தின் புவியீர்ப்பு மையமோ தரையிலிருந்து இரண்டடிக்கும் மேலே இருக்கிறது. கீழே பலமாகத் தள்ளினால் மேலே உள்ள பாரம் பின்னால் போகும். முன்சில்லில் இருந்த பாரம் குறைந்து குறைந்து இல்லாமல் போகும்போது அது எழும்புகிறது.

இதற்கு எவ்வளவு ஆர்முடுகல் வேண்டும்? சாதாரண பைக்கின் அளவுகளை வைத்துக் கணக்குப் பார்த்தால், சமதரையில் ஏறக்குறைய புவியீர்ப்பு ஆர்முடுகலுக்குச் சமமான அளவு வேண்டும். அதாவது நிற்கும் நிலையிலிருந்து மூன்று செக்கனுக்குள் 100 கிலோமீற்றர் வேகத்தைப் பிடிக்கக்கூடிய தள்ளல். பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்குகளிடம் அது உண்டு. எமது பிள்ளைகள் ஓடும் 150 சீசீ பைக்குகளிடம் இல்லை.

அதனால் அவர்கள் வேறு வழி பிடிக்கிறார்கள். கிளட்சைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை உறும விட்டு, கிளட்சைச் சட்டென்று விடுவது. ஹேண்டிலையும் இழுத்து உடம்பைப் பின்னால் எறிவது. எஞ்சினில் சேர்ந்திருந்த சக்தி ஒரே அடியாகச் சில்லுக்குப் போகிறது. முன்சில்லு மெதுவாக எழும்பாது, வெடித்தது போல் எழும்பும். எவ்வளவு எழும்பும் என்பதை ஓட்டுபவர் தீர்மானிப்பதில்லை.

"ஏத்தத்தில லேசா எழும்புது சேர்" என்றான் மாணவன். உண்மைதான். ஏற்றத்தில் பைக் ஏற்கனவே பின்னால் சாய்ந்திருக்கிறது. பத்தடிக்கு ஓரடி ஏறும் பாதையில் தேவையான ஆர்முடுகல் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஊவாவில் எங்கே திரும்பினாலும் ஏற்றம். லேசாக எழும்புகிற அதே காரணத்தினால் லேசாகப் பின்னால் புரளவும் செய்யும் என்பதை மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

கை செய்யும் துரோகம்

முன்சில்லு உயர உயர, பாரம் முழுவதும் பின் அச்சுக்கு நேர் மேலே வரும் ஒரு நிலை இருக்கிறது. அதுதான் சமநிலைப் புள்ளி. அந்த இடத்தில் பைக் தூக்கின மாதிரியே ஓடும், எக்ஸிலேட்டர் கொஞ்சம் போதும். அதைத் தாண்டினால் பைக் ஓட்டுபவரின் மேலேயே விழும்.

தாண்டாமல் காப்பாற்றுவது ஒன்றே ஒன்று, வலது காலுக்குக் கீழே இருக்கும் பின் பிரேக். அதைத் தொட்டால் முன்பக்கம் இறங்கும். பழகியவர்கள் முதலில் கற்பது தூக்குவதை அல்ல, இந்தப் பின் பிரேக்கைத்தான். கால் எப்போதும் அதன் மேலேயே இருக்கும்.

பழகாதவருக்கு என்ன நடக்கிறது? முன்பக்கம் எழும்பியதும் உடம்பு பின்னால் சரிகிறது. விழாமல் இருக்கக் கை ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துத் தொங்குகிறது. அப்படித் தொங்கும்போது மணிக்கட்டு கீழே மடங்கி எக்ஸிலேட்டர் இன்னும் திறக்கிறது. எஞ்சின் இன்னும் தள்ளுகிறது, பைக் இன்னும் எழும்புகிறது. காப்பாற்ற வேண்டிய கையே ஆளை விழுத்துகிறது. இது நடந்து முடிய ஒரு செக்கன் கூடப் போகாது. யோசிக்க நேரமில்லை.

பயந்து எக்ஸிலேட்டரை முழுதாக மூடினாலும் தப்பில்லை. முன்சில்லு தரையில் மோதி இறங்கும். அது கொஞ்சம் திரும்பியிருந்தால் ஹேண்டில் இரண்டு பக்கமும் அடித்து ஆளை எறியும். எங்கள் மாணவனுக்கு நடந்தது அதுதான்.

எஞ்சினுக்கும் கேடு. நெடுநேரம் சாய்ந்து ஓடினால் எண்ணெய் பின்னுக்கு ஒதுங்கி, பம்பி உறிஞ்சும் இடத்தில் எண்ணெய் இல்லாமல் போகும். எஞ்சின் இறுகினால் பின்சில்லு பூட்டிக்கொள்ளும்.

ஊவாவின் பாதையில்

முன்சில்லு மேலே இருக்கும் நேரம் ஓட்டுபவரிடம் எது இல்லை என்று கணக்கெடுப்போம். ஹேண்டிலைத் திருப்பிப் பயனில்லை. முன் பிரேக் இல்லை. உலர்ந்த பாதையில் பைக்கை நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன்சில்லுடையது. கண்ணுக்கு முன்னால் டேங்கும் மீற்றரும் நிற்பதால் பாதை சரியாகத் தெரியாது. இரவென்றால் லைட் வானத்தைப் பார்க்கும்.

50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்குச் சுமார் 14 மீற்றர் போகிறோம். சில்லை இறக்கிப் பிரேக் பிடிக்கத் தொடங்க மூன்று செக்கன் போனால் 40 மீற்றர் கடந்துவிடும். எமது தோட்டப் பாதைகளில் 40 மீற்றர் நேராகத் தெரியும் இடம் எத்தனை? ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். மழைக்குப் பாசி, கொழுந்து லொறி விட்டுப்போன சேறு, மண்சரிவில் உருண்ட கல். 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையிலும், 2025 செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் விழுந்து நாம் எத்தனை ஜனாஸாக்களையும் சவப்பெட்டிகளையும் பார்த்தோம். எல்லாச் சில்லும் தரையில் இருக்கும்போதே மன்னிக்காத பாதைகள் இவை.

செய்பவர்கள் எங்கே செய்கிறார்கள்?

1991இல் ஜப்பானின் யசுயுகி குடோ என்பவர் ஒரே சில்லில் நிறுத்தாமல் 331 கிலோமீற்றர் ஓடிக் காட்டினார். எந்த ஊர் வீதியிலும் அல்ல, சுகுபாவில் உள்ள வாகனப் பரிசோதனைத் தளத்தில். ஓடியது ஸ்போர்ட்ஸ் பைக்கும் அல்ல, பாரம் குறைந்த ஹொண்டா டிஎல்எம் 220.

பந்தயக்காரர்களுக்கு வீலி வீரமும் அல்ல. சில்லு எழும்பினால் நேரம் போகிறது என்று அதைத் தடுக்கவே பார்க்கிறார்கள். 2015இல் வந்த யமஹா ஆர்1 பைக்கில் முன்சில்லு எழும்புவதை உணர்ந்து எஞ்சின் வலுவைத் தானாகக் குறைக்கும் ஏற்பாடு பூட்டியே வந்தது. வேகத்துக்கென்றே பைக் செய்கிறவர்கள் சில்லைக் கீழே வைத்திருக்கச் செலவழிக்கிறார்கள்.

யூடியூபில் செய்பவர்கள் விழுவதில்லை என்பதும் பிழை. எமது பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த தமிழ்நாட்டு யூடியூபர் டி.டி.எப். வாசன் 2023 செப்டெம்பர் 17ஆம் திகதி காஞ்சிபுரம் அருகே சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் வீலி அடிக்கப்போய் தூக்கி வீசப்பட்டார். ஊவாவில் இல்லாத அகலமான பாதை, விலை உயர்ந்த பைக், முழுப் பாதுகாப்பு உடை. அப்படியிருந்தும் கை முறிந்தது. பிறகு கைது, ஒரு மாதத்துக்கு மேல் சிறை, பத்து வருடத்துக்கு லைசன்ஸ் ரத்து. நாம் பார்க்கும் வீடியோவில் வெட்டி எறிந்த பகுதி இதுதான்.

மைதானம் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் எமது மாவட்டமே கண்டது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவ பொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் ஓடுபாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் புகுந்தது. 8 வயதுச் சிறுமி உட்பட 7 பேர் இறந்தார்கள். அவர்கள் யாரும் பந்தயம் ஓடியவர்கள் அல்ல. ஓரத்தில் நின்றவர்கள்.

மார்க்கம் தடுத்தது எதை?

இளைஞனின் வேக ஆசையை ஹராம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது லேசு. ஆனால் நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். புகாரியில் பதிவாகியுள்ள அந்தச் செய்தியைக் கவனித்துப் பாருங்கள். பழக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யதுல் வதா வரை நீண்ட தூரம். பழக்கப்படாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தூரம். இப்னு உமர் (ரழி) அவர்களும் அதில் ஓடினார்கள். தொடக்கம், முடிவு, தரம் பிரித்த ஒழுங்கு எல்லாம் அதில் இருந்தன. ஆசையை அடக்கவில்லை, அதற்கு ஓர் இடமும் எல்லையும் கொடுக்கப்பட்டது.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மத்ரஸாவில் சிறுபிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பெருநாள் அன்று அந்தப் பிள்ளையே பாதையில் முள்ளாக நிற்கலாமா?

வாப்பாவையும் கூட்டிக்கொண்டு அந்த லயத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டோம். கானுக்குள் பாய்ந்த அம்மா தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். "தம்பிக்குக் கை சரியாயிடுச்சா மாஸ்டர்?" என்று முதலில் விசாரித்தார். பிறகுதான் மெதுவாகச் சொன்னார்: "எங்க புள்ளைகளும் இந்த ரோட்டுலதான் ஸ்கூலுக்கு நடந்து போகுதுக." எனக்குத் தலை நிமிரவில்லை. டவுனில் பொலிஸ் இருக்கிறது என்று நாங்கள் தேர்ந்தெடுத்தது, கேட்பதற்கு ஆள் இல்லாத ஏழைகளின் வாசலை.

செய்யக்கூடியவை சில

வாப்பாமாரே, 18 வயதும் லைசன்ஸும் இல்லாத பிள்ளைக்குச் சாவி கொடுக்காதீர்கள். லைசன்ஸ் இருக்கும் பிள்ளையிடமும் எங்கே போகிறாய் என்று கேளுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் பெருநாள் குத்பாவில் ஒரு எச்சரிக்கையோடு நின்றுவிடாமல், அன்று பின்னேரம் இளைஞர்களுக்கு மைதானத்தில் ஏதாவது ஏற்பாடு செய்யலாம். பொலிஸாரின் உதவியோடு ஒரு மைதானத்தில் கூம்புகளை வைத்து, சரியாகப் பிரேக் பிடிப்பது, ஈரத்தில் வளைவது, மெதுவாகச் சமநிலையில் ஓடுவது ஆகியவற்றைப் பழக்கலாம். மெதுவாக ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஓடிப் பார்த்தால்தான் தெரியும்.

கூட்டாளிமாரே, போனைக் கீழே வையுங்கள். வீடியோ எடுக்க ஆளில்லாத இடத்தில் வீலி அடிப்பவர் மிகக் குறைவு. யாராவது விழுந்துவிட்டால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கழுத்தைத் திருப்பாதீர்கள், ஹெல்மட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், ஆளை இரண்டாக மடித்து ஆட்டோவில் ஏற்றாதீர்கள். முள்ளந்தண்டில் அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலே அவரை வாழ்நாள் முழுவதும் படுக்கையில் போட்டுவிடலாம். மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வளைவில் ஒருவர் நின்று வரும் வாகனங்களை மறியுங்கள்.

எங்கள் மாணவனின் கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. வேலை போய்விட்டது, தவணை போகவில்லை. விளக்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத முந்தியே சொல்லித் தந்திருக்கலாமே சேர்" என்றான். அவனுக்கு நெம்புகோலும் புவியீர்ப்பு மையமும் படிப்பித்தவன் நான்தான். பரீட்சைக்குப் படிப்பித்தேன், பாதைக்குப் படிப்பிக்கவில்லை. இந்தத் தவணை அந்தப் பாடத்துக்கு வகுப்பில் ஒரு மோட்டார் சைக்கிளைத்தான் உதாரணமாக வைத்திருக்கிறேன்.

அல்லாஹ் எமது பிள்ளைகளையும், அவர்கள் போகும் பாதையில் நடப்பவர்களையும் பாதுகாப்பானாக.