யாழில் அடங்காத பாட்டும் தேடுபொறியும்

காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் எழுந்தருளியிருக்கும் ஈசனுக்கு யாழ்மூரிநாதர் என்ற திருநாமம் வாய்த்த வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறியிருக்கிறார். திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர் அது. ஞானசம்பந்தரின் பதிகங்கள் பெருமை பெற்றதற்குப் பாணருடைய யாழே காரணம் என்று அவ்வூர்ச் சுற்றத்தார் பேசக் கேட்டு மனம் வருந்திய பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருள வேண்டும் என்று விண்ணப்பித்துக்கொண்டார். சம்பந்தர் பாடினார், நரம்புகளால் அந்த இசையைப் பின்தொடர முடியாமற் போகவே யாழை உடைக்க ஓங்கிய பாணரைத் தடுத்து, கருவியில் வந்த அளவுக்கு வாசித்தால் போதும் என்று தேற்றினார்.

கருவிக்கு எட்டாத இடத்தில் குறை பாட்டினுடையதன்று என்பதை இந்தக் கதையைக் கேட்கும் எவரும் ஒப்புக்கொள்வர். ஆயினும், பிறவியிலோ இளமையிலோ நேர்ந்த காரணங்களால் கற்பதும் ஆராய்வதும் மெதுவாக நிகழும் ஒருவர், கைபேசியின் தேடுபெட்டியில் தாம் விரும்பியதைக் கண்டெடுக்க இயலாமல் தவிக்கும்போது, கருவியின் எல்லையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவருடைய அறிவையே அளந்துவிடுகிறோம்.

தேடுபொறி என்பது உண்மையில் மிகப்பெரிய பொருளகராதியே. ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அச்சிட்டிருப்பதைப் போல, கோடிக்கணக்கான பக்கங்களின் சொற்களை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, நாம் கேட்ட கணத்தில் அது விடையை எடுத்து நீட்டுகிறது. ஆனால் அந்த விடையைப் பெறுவதற்கு முன் நாம் செய்துகொடுக்க வேண்டிய காரியங்கள் நான்கு: மனத்தில் உள்ள ஆசையைச் சொல்லாக்குதல், அச்சொல்லைப் பிழையின்றி எழுதுதல், வந்து குவியும் பட்டியலைப் படித்தல், அதில் வேண்டியதைப் பிரித்தறிதல். பழக்கத்தால் நமக்கு இவை இலேசாகிவிட்டன. அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கோ ஒவ்வொன்றும் ஒரு படிக்கட்டு.

எழுத்துப்பிழை என்ற படியை ஓரளவு தாழ்த்திவிட்டார்கள். காரைக்கால் இளைஞன் ஒருவன் தன் ஊரின் மாங்கனித் திருவிழாவைத் தேட 'மாங்கணித் திருவிலா' என்று எழுதினான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு எழுத்துகளை மாற்றினால் அது சரியான சொல்லாகிவிடும். இப்படி ஒரு சொல்லிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல எத்தனை திருத்தம் வேண்டும் என்று எண்ணும் கணக்கை ரஷ்ய நாட்டு லெவன்ஷ்டைன் 1965-இல் வகுத்தார். எழுதவே வராதவருக்கு இந்தக் கணக்கால் பிரயோஜனமில்லை. அவருக்குக் குரல்வழித் தேடல் உண்டு என்பார்கள். ஆனால் குரலைக் கேட்கும் யந்திரம், பேசுபவர் சற்று நிறுத்தியவுடன் பேச்சு முடிந்ததென்று கருதிக் கதவைச் சாத்திவிடுகிறது. சொல்லைத் தேடித் தயங்கித் தயங்கிப் பேசுபவர் பாதி வாக்கியத்திலேயே வெளியே நிற்க நேர்கிறது.

இத்தகைய இடறல்களை ஆய்வறையில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது என்பதனால், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லோரியான் சிட்பான் முதலிய ஆராய்ச்சியாளர்கள், அறிவுத்திறன் குறைபாடு உடையோரைப் பரிசோதனைப் பொருளாக வைக்காமல், வடிவமைப்பில் பங்காளிகளாகவே சேர்த்துக்கொண்டு தேடற் சாதனங்களை ஆராய்ந்து வருகின்றனர். இம்முறையில் வேலை தொடங்கும் இடம் குறைபாடு அன்று, விருப்பம். ஒருவருக்குப் பாட்டில் நாட்டம், மற்றொருவருக்குப் பேருந்தில் மோகம் என்றால், அவற்றைத் தேடும்போது அவர்கள் கை எங்கே தயங்குகிறது, உடனிருப்பவர் எப்போது பொறுமையிழந்து கைபேசியைத் தம் கைக்கு வாங்கிக்கொள்கிறார் என்பவையெல்லாம் வடிவமைப்பவருக்குப் பாடமாகின்றன.

நம் நாட்டில் இதற்கு மிக நெருங்கிய முயற்சி சென்னையில் நடந்தது. அஜித் நாராயணன் என்ற பொறியாளர், வித்யா சாகர் என்னும் நிறுவனத்தின் குழந்தைகளோடு பழகி, படங்களைத் தொட்டால் குரலாக ஒலிக்கும் 'ஆவாஸ்' என்ற சாதனத்தை உருவாக்கினார். பேச இயலாதோருக்கென எழுந்த அச்சாதனத்தைத் தொடர்ந்து, 2013-இல் ஓர் உரையில் அவர் விளக்கிய மற்றொரு யோசனை நம் விஷயத்துக்கு இன்னும் பொருத்தமானது: நடுவில் 'சாப்பிடு' என்ற படம் இருந்தால், யார், எதை, எப்போது என்ற கேள்விகளே கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு படம் அமர, இலக்கணம் அறியாமலே முழு வாக்கியம் உருவாகிறது. தேடலுக்கும் இந்த உபாயத்தைக் கையாளலாம். மாங்கனித் திருவிழாவின் படத்தைத் தொட்டால், எப்போது, எங்கே என்ற இரண்டே கிளைகள் விரிய, 'எப்போது' என்பதைத் தொட்டவருக்கு, ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி என்ற விடை சத்தமாக ஒலித்தால் போதாதா?

மின்னணு வழியே கிடைக்கும் செய்திகள் மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கிறது. ஆனால் அந்தத் திருவிழாவுக்கு எந்தப் படத்தை வைப்பது என்று சட்டம் சொல்லாது. வெறும் மாம்பழத்தை வரைந்தால், பழக்கடை என்று ஒருவர் நினைக்கக்கூடும். சிவபெருமான் பிட்சாடனராகப் பவனி வரும்போது மாடிகளிலிருந்து கனிகள் வீசப்படுவதை வரைந்தால், அந்தக் கூட்டத்தில் கையேந்தி நின்றவருக்கு விளங்கிவிடும். இவற்றுள் எது சரி என்று தீர்மானிக்க வேண்டியவர், அங்கே மாங்கனி பிடித்த அந்த இளைஞனே.