கை எட்டும் இடத்தில் பல்லாங்குழி!



பாத்திரம் அடுக்குவது, பட்டுப்புடவை மடித்து வைப்பது, பருப்பில் வண்டு விழாமல் காப்பது என்று எத்தனையோ யோசனைகளை நாம் படித்திருக்கிறோம். விளையாட்டுச் சாமான்களை எப்படிப் பத்திரமாக வைப்பது என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் எல்லார் வீட்டிலும் இந்தத் தொல்லை உண்டு. தாயக்கட்டை இருந்தால் பரமபதம் படம் கிழிந்திருக்கும். செஸ் போர்டு இருந்தால் ஒரு குதிரையைக் காணோம். அப்புறம் பிள்ளைகள் செல்போனை எடுக்காமல் என்ன செய்யும்?

எங்கள் வீடு இரண்டே அறை உள்ள வாடகை வீடு. அதில் நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், என் மாமியார். அத்தைக்கு வயது எழுபத்திரண்டு. கண் நீர் அழுத்த நோயால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாடுவது தெரியும், அவ்வளவுதான். டி.வி. பார்க்க முடியாது, பேப்பர் படிக்க முடியாது. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

பரணில் ஒரு சாக்குப்பை நிறைய விளையாட்டுச் சாமான்கள் இருந்தன. அத்தைக்குப் பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்த மடக்குப் பல்லாங்குழி, பித்தளைத் தாயக்கட்டை, சோழி, பரமபதம், அதோடு பிள்ளைகளின் லூடோ, செஸ், பிசினஸ். வீட்டுக்காரர், "பழைய சாமான்காரனிடம் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். "உங்க அம்மாவைக் கேட்டுட்டுப் போடலாம்" என்று பல்லாங்குழியை அத்தை மடியில் வைத்தேன். விரலால் ஒவ்வொரு குழியாகத் தடவி, "இந்த ஓரத்துல ஒரு கீறல் இருக்கணுமே... இருக்கு பாரு" என்றார்கள். அப்புறம் போடுவதாவது!

பல்லாங்குழிக்குக் கண்ணே வேண்டாம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. பக்கத்துக்கு 7 குழி, மொத்தம் 14. குழிக்கு 5 என்று நாங்கள் 70 சோழி போடுகிறோம். ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் என் மகள் கவனிக்கும் முன்பே, அத்தை விரலால் தொட்டு, "பசு!" என்று அள்ளி விடுகிறார்கள். தாயக்கட்டையும் அப்படியே. நான்கு பட்டையில் ஒன்றில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று, ஒன்று வெறும் பட்டை. புள்ளிகள் குழிவாக இருப்பதால் தடவினாலே தெரிந்துவிடும். பையன் மூன்றை ஐந்து என்று சொல்லி ஏமாற்றப் பார்த்தால், "எங்கே, நான் தொட்டுப் பார்க்கிறேன்" என்பார்கள்!

ஆனால் ஒன்று. சாமான் எல்லாம் முழுசாக இருக்க வேண்டும், வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். நமக்குக் காணாமல் போனால் தேடிக்கொள்வோம். அவர்கள் எங்கே போய்த் தேடுவது? அதனால் நான் செய்த ஏற்பாடுகளைச் சொல்கிறேன். கண் நன்றாகத் தெரிகிறவர்கள் வீட்டுக்கும் இது பொருந்தும்.

முதலில் இடம். ஷோகேஸின் கீழ்த்தட்டைக் காலி செய்து, விளையாட்டுக்கென்றே ஒதுக்கினேன். அத்தை பாயில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் எட்டும். பரணில் இருந்தால் ஏணி வேண்டும், ஆள் வேண்டும். யாரும் இறக்கமாட்டார்கள்.

அடுத்தது பை. ரவிக்கைத் துணி மிச்சங்களில் சுருக்குப்பைகள் தைத்தேன். சோழிக்கு வெல்வெட், தாயக்கட்டைக்குப் பட்டு, செஸ் காய்களுக்கு முரட்டுக் கதர். தொட்டாலே எது என்று தெரியவேண்டும் என்பதற்காக. அத்தை இன்னும் ஒரு யோசனை சொன்னார்கள்: "கயிற்று நுனியில முடிச்சுப் போடேன். சோழிக்கு ஒண்ணு, தாயத்துக்கு ரெண்டு, செஸ்ஸுக்கு மூணு." எழுதி ஒட்டுவதைவிட இது மேல். ரப்பர் பேண்ட் மட்டும் போடாதீர்கள். வெயில் காலத்தில் இளகிப் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பழைய நாடாவே போதும்.

மூன்றாவது கணக்கு. ஒவ்வொரு பெட்டி மூடியின் உள்பக்கமும் எண்ணிக்கையை எழுதி வைத்திருக்கிறேன். செஸ் 32, லூடோ காய் 16, கேரம் காய் 19, ஒரு ஸ்டிரைக்கர். விளையாடி முடித்ததும் எண்ணிப் போட்ட பிறகுதான் சாப்பாடு. பிசினஸ் விளையாட்டு நோட்டுகளைக் கல்யாணப் பத்திரிகை வந்த கவர்களில் தொகைவாரியாகப் பிரித்து வைத்தால் கலையாது. காய் தொலைந்தால் ஆட்டத்தையே தூக்கிப் போடவேண்டாம். அதே அளவில் ஒரு பொத்தான் வைத்துக்கொள்ளுங்கள்.

பரமபதம் காகிதப்படம். மடித்தால் மடிப்பிலேயே கிழியும். படம் வெளியே தெரியும்படி சுருட்டி வையுங்கள், விரித்தால் ஓரம் மேலே சுருளாமல் படியும். வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்க மட்டும் எடுத்துவிட்டு அப்படியே விட்டால் ராமபாணப் பூச்சி தின்றுவிடும். மாதம் ஒருமுறையாவது விரித்துத் தூசி தட்டுங்கள். சின்னப் பிள்ளைகள் கை படும் பெட்டியில் பூச்சி உருண்டை வேண்டாம். காய்ந்த வேப்பிலை போதும்.

பித்தளைத் தாயக்கட்டையைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். அதே புளித்தண்ணீரில் சோழியைப் போட்டுவிடாதீர்கள். சோழி சுண்ணாம்புச் சத்தால் ஆனது. புளிப்பு அதன் மினுமினுப்பை அரித்துவிடும். வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காய வைத்தால் போதும். பல்லாங்குழிப் பலகைக்குத் தண்ணீரே ஆகாது. பழைய டூத் பிரஷ்ஷால் குழியைச் சுத்தம் செய்து உலர்ந்த துணியால் துடைக்கிறேன்.

சோழி இல்லாதவர்கள் புளியங்கொட்டையோ மஞ்சாடியோ வைத்து ஆடலாம். புளியங்கொட்டையை அவ்வப்போது வெயிலில் போட்டால் வண்டு துளைக்காது. ஆனால் கருப்புப் பொட்டு வைத்த குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். அழகாக இருக்கும், கடித்து மென்றால் கொடிய விஷம். கைக்குழந்தை உள்ள வீட்டில் மற்ற விதைகளையும் சோழியையும்கூட எட்டாத உயரத்தில் வையுங்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கேரம் போர்டுதான் பெரிய பிரச்னை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா தங்கம் வென்றதிலிருந்து என் மகளுக்குக் கேரம் பைத்தியம். படுக்க வைக்க எங்களிடம் இடம் இல்லை. அதனால் பவுடரை நன்றாகத் துடைத்துவிட்டு, பழைய போர்வை சுற்றி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நேராக நிறுத்திவிடுகிறேன். ரொம்பச் சாய்த்தால் நாளடைவில் நடுவில் வளைந்துவிடும். கீழே இரண்டு மரக்கட்டை கொடுத்தால் வீடு துடைக்கிற தண்ணீர் ஏறாது. குளியலறைச் சுவர்ப் பக்கம் வைக்காதீர்கள், ஈரம் ஊறும்.

இவ்வளவு எதற்கு என்று கேட்பீர்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது வந்திருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, உதவி செய்யும் நல்ல எண்ணத்தில் கீழ்த்தட்டுச் சாமான்களை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். சாயங்காலம் அத்தை வழக்கம்போலக் கையை நீட்டினார்கள். வெறும் தட்டு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தடவிப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். யாரிடமும் கேட்கவில்லை. "ஏன் அத்தை, இன்னிக்கு ஆடலியா?" என்றதற்கு, "வேண்டாம்மா, தலை வலிக்குது" என்றார்கள். எடுத்துத் தரச் சொல்லி ஒருவரிடம் கேட்பதுகூட அவர்களுக்குப் பாரமாக இருந்திருக்கிறது. அன்று முதல் எங்கள் வீட்டுச் சட்டம் இது: எந்தச் சாமான் எங்கே மாறினாலும் அந்தத் தட்டு மாறாது. பண்டிகை ஆனாலும் சரி, விருந்தாளி வந்தாலும் சரி.

வயதானவர்களுக்குச் சாப்பாடும் மருந்தும் வேளாவேளைக்குக் கொடுக்கிறோம். தானே எழுந்து, தானே எடுத்து, நாலு பேரோடு சிரித்து விளையாட ஒரு பொருள் அவர்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கிறதா என்று பார்க்கிறோமா? இந்த ஏற்பாட்டுக்கு எனக்கு ஆன செலவு, தையல் நூலுக்குக் கொடுத்தது மட்டும்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு சாக்குப்பை இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கி, எண்ணிப் பாருங்கள். குறைகிற காய்க்குப் பொத்தான் தேடுங்கள். ஒரு தட்டைக் காலி பண்ணுங்கள். வேறு நல்ல யோசனை தெரிந்தவர்கள் எழுதுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.

- ஒரு இல்லத்தரசி, தஞ்சாவூர்.