எந்த ஊர்ப் படிப்பு உசத்தி?

கோடை விடுமுறைக்குத் தமிழ்நாடு போகும் தில்லிக் குடும்பங்கள் எல்லாம் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. "அங்கே படிப்பு எப்படி? இங்கே மாதிரி வருமா?" என்று சித்தப்பாவோ அத்தையோ கேட்பார்கள். நாமும் விட்டுக்கொடுக்காமல் ஏதோ பதில் சொல்லி வைப்போம். தில்லிக்குத் திரும்பியதும் இதே கேள்வியை அடுத்த வீட்டுப் பஞ்சாபிக்காரர் வேறு விதமாகக் கேட்பார்.

இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கென்றே ஒரு தனித்துறை இருக்கிறது. அதற்கு ஒப்பீட்டுக் கல்வி என்று பெயர். ஒரு நாட்டின் கல்வியை இன்னொரு நாட்டின் கல்வியோடும், ஒரு காலத்தின் கல்வியை இன்னொரு காலத்தின் கல்வியோடும் முறைப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது இதன் வேலை. இது மேல்நாட்டில் பிறந்த துறை என்றாலும், அதன் முக்கியமான பாடங்கள் சிலவற்றை நம் சென்னை மாகாணத்துச் சரித்திரத்திலிருந்தே எடுத்துக் காட்டலாம். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் கையருகில் உள்ள ஓர் உதாரணம். 2025-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு ப்ளஸ் டூ தேர்வில் 95.03 சதவீதம் பேர் தேறினார்கள். அதே ஆண்டு சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவர்கள் 88.39 சதவீதம். இதை வைத்துக்கொண்டு ஊர்ப் படிப்பு உசத்தி என்று ஒருவர் சொல்லலாம். ஊரில் மார்க்கை அள்ளிப் போடுகிறார்கள் என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டு முடிவுக்கும் இந்த எண்களில் ஆதாரம் இல்லை. கேள்வித்தாள் வேறு, திருத்தும் முறை வேறு, தேர்வுக்கு உட்கார்ந்த மாணவர் கூட்டமும் வேறு. ஒரு பக்கம் படியிலும் மறு பக்கம் முழத்திலும் அளந்துவிட்டு எது அதிகம் என்று கேட்பது போன்றது இது.

பாரிஸில் ஒரு யோசனை, சென்னையில் ஒரு கணக்கு

1817-ஆம் ஆண்டு பாரிஸில் மார்க் அந்துவான் ஜூலியன் என்பவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். எல்லா நாடுகளுக்கும் ஒரே கேள்விப் பட்டியலை அனுப்ப வேண்டும், வரும் பதில்களை அட்டவணைகளாகத் தொகுக்க வேண்டும், அவற்றை அருகருகே வைத்துப் பார்த்துக் கல்விக்கான பொது விதிகளைக் கண்டறிய வேண்டும் என்பது அவருடைய திட்டம். அது அவர் காலத்தில் நிறைவேறவில்லை. ஆனால் ஒப்பீட்டுக் கல்வியின் தந்தை என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1822-இல், சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோ தம் மாகாணத்துக் கலெக்டர்களுக்கு ஒரு படிவம் அனுப்பச் செய்தார். மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள், படிப்பவர்கள் ஆண் எத்தனை பெண் எத்தனை, என்னென்ன சாதியினர், எத்தனை ஆண்டு படிக்கிறார்கள், மாதச் சம்பளம் என்ன, மானியம் உண்டா என்பவை கேள்விகள். திருநெல்வேலியிலிருந்து கஞ்சம் வரை பதில்கள் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. 1826 மார்ச்சில் மன்றோ அவற்றைத் தொகுத்து ஒரு குறிப்பு எழுதினார்.

அதில் கண்ட தொகை இது: பள்ளிகள் 12,498. மாணவர்கள் 1,88,650. மக்கள் தொகை 1,28,50,941. மொத்தத்தில் 67 பேருக்கு ஒருவர்தான் படிக்கிறார் என்று ரெவின்யூ போர்டு கூறியது.

மன்றோ அந்தக் கணக்கை அப்படியே ஏற்கவில்லை. மக்கள் தொகையில் கிழவரும் கைக்குழந்தையும் அடக்கம், அவர்களைப் பள்ளிக்கூடத்தில் தேடுவானேன்? பள்ளிக்குப் போன பெண்கள் மிகச் சிலரே என்பதால் பாதித் தொகையைக் கழித்தார். மீதமுள்ள ஆண்களில் ஐந்து முதல் பத்து வயதுவரை உள்ளவர்கள் ஒன்பதில் ஒரு பங்கு இருப்பார்கள் என்று கொண்டார். அது சுமார் 7,13,000. பள்ளியில் இருந்த பையன்களோ 1,84,110. அதாவது நாலில் ஒருவருக்குச் சற்றே அதிகம். 67-இல் ஒன்று என்பதும் நாலில் ஒன்று என்பதும் ஒரே அட்டவணையிலிருந்து வந்தவைதான். மேலே உள்ள எண் ஏறக்குறைய மாறவில்லை, வகுக்கும் எண் மட்டும் மாறியது.

மன்றோ அதோடு நிற்கவில்லை. வீட்டில் படிப்பவர்கள் பெரும்பாலும் கணக்கில் வரவில்லையே என்று கேட்டார். சென்னை நகரத்திலிருந்து மட்டும் அந்த விவரம் வந்திருந்தது. பள்ளியில் படித்தவர்கள் 5,523, வீட்டில் படித்தவர்கள் 26,963. ஐந்து மடங்கு என்பது அவருக்கே நம்பும்படியாக இல்லை. இதில் ஏதோ பிழை இருக்கலாம் என்று எழுதிவிட்டு, ஆனாலும் வீட்டுப் படிப்பையும் சேர்த்தால் விகிதம் மூன்றில் ஒன்றை நெருங்கும் என்று முடித்தார். கன்னட மாவட்டத்துக் கலெக்டர் அட்டவணையே அனுப்பவில்லை. அங்கே படிப்பு தனிப்பட்ட முறையில் நடப்பதால் அதை எண்ணிக் காட்ட முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

பையன்களைத் தனியே எடுத்துக் கணக்கிட்டதில் இன்னொரு விஷயம் தெரிகிறது. மொத்தத் தொகையிலிருந்து அவர்களைக் கழித்தால் மாகாணம் முழுவதும் பள்ளியில் இருந்த பெண் குழந்தைகள் 4,540 பேர்தான். நாலில் ஒன்று என்று நாம் பெருமைப்படும்போது இந்த எண்ணையும் மறக்கக் கூடாது.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் இது குறைவு, ஆனால் வெகு காலத்துக்கு முன்பல்லாமல் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இருந்த நிலையைவிட மேல் என்றும் மன்றோ குறிப்பிட்டார். நாட்டோடு நாட்டையும் காலத்தோடு காலத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்த ஒப்பீடு அது.

ஒரே அட்டவணை, பல தீர்ப்புகள்

நூறாண்டுகளுக்குப் பிறகு இதே கணக்குகள் பெரிய வழக்காயின. 1931 அக்டோபரில் லண்டனில் பேசிய காந்தியடிகள், ஐம்பது அல்லது நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இந்தியாவில் எழுத்தறிவு குறைந்துவிட்டது என்றார். ஆதாரம் காட்டுங்கள் என்று சர் ஃபிலிப் ஹார்டாக் வாதாடினார். 1983-இல் தரம்பால் 'அழகிய மரம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டு, கலெக்டர்களின் பதில்களை எல்லோரும் பார்க்கும்படி அச்சேற்றினார். தமிழ் மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிராமணர் அல்லாத சாதியினர் என்பது அதில் பலரை வியக்க வைத்த செய்தி. அந்தப் பள்ளிகளில் என்ன கற்பித்தார்கள், எத்தனை பேர் முடிவுவரை நின்றார்கள், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அங்கே இடம் இருந்ததா என்று எதிர்த்தரப்பினர் கேட்டார்கள். எண்கள் இருந்தாலும், எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் வழக்கு தீராமல் நின்றது.

சட்டாம்பிள்ளை சீமைக்குப் போன கதை

ஒப்பிடுவதன் நோக்கங்களில் ஒன்று, பிறரிடம் நல்லது கண்டால் எடுத்துக்கொள்வது. இதற்கும் நம் ஊரிலேயே சான்று உண்டு. 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளியில் புகுத்தி, மூத்த மாணவர்களைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பித்தார். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1797-இல் பெல் இதைப் பற்றி லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது.

ஆனால் திண்ணையில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒரு சட்டாம்பிள்ளை இருப்பது வேறு, தொழிற்சாலை நகரத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்கார்த்தி வைப்பது வேறு. அங்கே அது செலவைக் குறைக்கும் யந்திரமாகிவிட்டது. 1846 முதல் இங்கிலாந்தில் பயிற்சி மாணவ ஆசிரியர் முறை அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது.

1900-இல் மைக்கேல் சாட்லர் என்ற ஆங்கிலேய அறிஞர் இதைக் கோட்பாடாகவே சொன்னார். அயல்நாட்டுக் கல்வியில் ஒரு பூவும் ஓர் இலையும் பறித்து வந்து நம் மண்ணில் நட்டால் செடி வளராது. பள்ளிக்கு உள்ளே இருப்பவற்றைவிட வெளியே இருப்பவைதான் முக்கியம் என்பது அவர் கருத்தின் சாரம். குடும்பம், தொழில், மொழி, சமயம், அரசு எல்லாம் அந்த வெளியில் அடங்கும். இதே சாட்லர்தான் 1917 முதல் 1919 வரை கல்கத்தா பல்கலைக்கழகக் கமிஷனுக்குத் தலைமை தாங்கினார். முன்பு சொன்ன ஹார்டாக் அதில் ஓர் உறுப்பினர்.

நான்கு படிகள்

இப்படி வளர்ந்த துறைக்கு 1964-இல் ஜார்ஜ் பெரிடே என்ற பேராசிரியர் ஒரு செய்முறை வகுத்தார். முதல் படி, ஒவ்வோர் இடத்திலும் உள்ளதை உள்ளபடி எழுதுவது. இரண்டாவது, அது ஏன் அப்படி இருக்கிறது என்பதை அந்த ஊர்ச் சரித்திரத்தையும் சமூகத்தையும் கொண்டு விளக்குவது. மூன்றாவது, ஒரே தலைப்புகளின் கீழ் இரண்டையும் அருகருகே வைப்பது. நான்காவதுதான் ஒப்பிடுவது. விருந்தினர் கூடத்தில் நாம் முதல் மூன்றையும் தாண்டி நேராக நான்காம் படிக்குப் போய்விடுகிறோம்.

அதே காலத்தில் தேர்வு வைத்து ஒப்பிடும் முறையும் வளர்ந்தது. பல நாட்டு மாணவர்களுக்கு ஒரே கேள்வித்தாளை மொழிபெயர்த்துக் கொடுத்து மதிப்பெண் காண்பது இதன் வழி. இப்போது பிரபலமாக இருப்பது பதினைந்து வயதினருக்கான பிசா தேர்வு. 2009-ஆம் ஆண்டுச் சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. முடிவு 2011 டிசம்பரில் வந்தது. கணிதத்தில் தமிழ்நாடு 351, இமாசலம் 338. முதலிடம் பெற்ற ஷாங்காய் 600. எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலில் நம் இரு மாநிலங்களும் கடைசி வரிசையில் இருந்தன. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று கூறி இந்தியா அடுத்த சுற்றுகளிலிருந்து விலகிக்கொண்டது.

அந்த முடிவை முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது, அப்படியே விழுங்கவும் முடியாது. படித்துப் பொருள் கொள்வதில் நம் பிள்ளைகள் பின்தங்கியிருந்தது உண்மையான எச்சரிக்கை. அதே சமயம் மன்றோ கேட்ட கேள்வியையும் கேட்க வேண்டும்: எண்ணப்பட்டவர்கள் யார்? பிசா பள்ளியில் இருக்கும் பிள்ளைகளைத்தான் சோதிக்கிறது. படிப்பை நிறுத்தியவர்கள் அதில் வரமாட்டார்கள். ஷாங்காயில் வெளியூர்களிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் பலர், உள்ளூர்க் குடியிருப்புப் பதிவு இல்லாததால், மேல்நிலைப் படிப்புக்குச் சொந்த ஊர் திரும்ப வேண்டியிருந்தது. அவர்கள் கணக்கில் சரியாக வரவில்லை என்று அமெரிக்க ஆய்வாளர் டாம் லவ்லெஸ் 2013-இல் எழுதினார். முதலிடத்துக்குப் பின்னால் இப்படி ஒரு விடுபாடு.

இடம் பெயர்ந்தவர்கள் கணக்கில் ஏற்படுத்தும் குழப்பம் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில், 18 முதல் 23 வயதினர் தொகைக்கு எதிரே கல்லூரிச் சேர்க்கை சண்டிகரில் 64.8 சதவீதம், தில்லியில் 49, தமிழ்நாட்டில் 47. கல்லூரி இருக்கும் ஊரின் கணக்கில் மாணவர் சேர்கிறார். வகுக்கும் எண்ணோ அந்த ஊர் மக்கள் தொகையிலிருந்து மதிப்பிட்டது. பீகாரிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் படிக்க வந்தவர்கள் தில்லியின் சதவீதத்தை உயர்த்துகிறார்கள்.

ரயில்வேயில் பணியாற்றிய எனக்கு இது பழக்கமான சங்கதி. வண்டி சரியான நேரத்துக்கு வந்ததா என்பதைக் கடைசி ஸ்டேஷனில் பார்ப்பார்கள். அதற்கு முந்தைய பகுதியில் கால அட்டவணையிலேயே கூடுதல் நிமிஷங்கள் வைத்திருப்பதால், வழியெல்லாம் தாமதமான வண்டியும் கடைசியில் நேரத்துக்கு வந்ததாகப் பதிவாகும். நடுவில் இறங்கியவருக்குத்தான் உண்மை தெரியும்.

நம் கண்முன்னே

நம் தில்லியில் 2025 ஜூன் முதல் தேதி, ஜங்புரா அருகே பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் பல பத்தாண்டுகளாக இருந்த மதராசி கேம்ப் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்கு நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று முடிவானது. நரேலா நகரத்தின் வடகோடி. அங்கிருந்த பிள்ளைகளில் பலர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் தமிழ் படித்து வந்தவர்கள். அவர்களில் ஒரு பெண் தூரம் காரணமாக ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டால், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவீதம் ஒரு புள்ளிகூடக் குறையாது. அவள் தேர்வே எழுதவில்லை. பெற்றோரோடு விழுப்புரத்துக்கோ சேலத்துக்கோ திரும்பியிருந்தால், தில்லிக் கணக்கிலும் இல்லாமல் தமிழ்நாட்டுக் கணக்கிலும் சேராமல் நடுவழியில் இருப்பாள்.

ஆகவே அடுத்த முறை யாராவது எந்த ஊர்ப் படிப்பு உசத்தி என்று கேட்டால், மூன்று விஷயங்களைத் திருப்பிக் கேளுங்கள். இரண்டு இடத்திலும் அளவுகோல் ஒன்றுதானா? எண்ணாமல் விட்டவர்கள் யார்? பள்ளிக்கு வெளியே அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேறுபாடு? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் ஒப்பீடு பயன்படும்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. மன்றோவின் படிவத்தைப் போல ஒரு பக்கப் படிவம் போதும். தில்லியில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே படிக்கிறார்கள், கடந்த இரண்டு ஆண்டுகளில் பள்ளி மாறியவர்கள் யார், நின்றவர்கள் யார், வீட்டிலே மட்டும் தமிழ் படிப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்கலாம். துவாரகாவிலும் மயூர் விகாரிலும் கேட்பதோடு நரேலாவுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வர வேண்டும். படிவத்தைத் தயாரித்துத் தொகுத்துத் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். வீடு வீடாகப் போக இளைஞர்கள் சிலர் முன்வந்தால் போதும்.