சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடக்குதா? பக்கவாதம் வரை கொண்டுபோகும் 'ஏஎஃப்' பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

மாடிப்படி ஏறினால் இதயம் வேகமாகத் துடிக்கும். பயந்தாலும் துடிக்கும். அது இயல்பு. ஆனால், டிவி பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு 'படபட'ன்னு அடித்து, அந்தத் துடிப்பிலும் ஓர் ஒழுங்கு இல்லாமல் இருந்தால்?

"டென்ஷன்தான்", "கேஸா இருக்கும், சோடா குடி" என்று பெரும்பாலும் கடந்து போய்விடுகிறோம். பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சிலருக்கு அது ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறாக இருக்கும். மருத்துவர்கள் சுருக்கமாக 'ஏஎஃப்' என்பார்கள். இது இருப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு அதிகம். அதனால்தான் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

இதயத்துக்கு 'கரண்ட்' எங்கிருந்து வருது?

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்ற சின்னத் திசு இருக்கிறது. 1907-ல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இருவர் இதைக் கண்டறிந்தார்கள். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை இது மின்துடிப்பை அனுப்பும். மேலறைகள் முதலில் சுருங்கும், ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் கீழறைகள் சுருங்கும். ரத்தம் உடல் முழுக்கப் போகும்.

ஏஎஃப் வந்தால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். மேலறைகளில் நிமிடத்துக்கு 350-க்கும் மேற்பட்ட மின்துடிப்புகள் தாறுமாறாக ஓடும். மேலறை சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும். அத்தனை துடிப்புகளும் கீழறைக்குப் போகாமல் நடுவில் இருக்கும் இன்னொரு கணு வடிகட்டிவிடும். அதையும் மீறிப் போகிறவைதான் நாம் உணரும் அந்தப் படபடப்பு.

பக்கவாதம் எப்படி வருது?

மேலறை சரியாகச் சுருங்கவில்லை என்றால் ரத்தம் தேங்கும். இடது மேலறையில் சின்னப் பை போன்ற ஒரு பகுதி உண்டு. தேங்கிய ரத்தம் பெரும்பாலும் அங்கேதான் உறையும். அந்த ரத்தக்கட்டி நகர்ந்து மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். சிலருக்குப் படபடப்பே தெரியாது. பக்கவாதம் வந்து மருத்துவமனைக்குப் போன பிறகுதான் ஏஎஃப் இருப்பதே தெரியவரும்.

காரணத்தைத் தேடிய ஆய்வுகள்

1995-ல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் ஆடுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். செயற்கையாக ஏஎஃப்-ஐ உண்டாக்கிக்கொண்டே இருந்தபோது, ஒவ்வொரு முறையும் அது முன்பைவிட நீண்ட நேரம் நீடித்தது. அதாவது, ஏஎஃப் வரவர இதயம் அதற்கே பழகிவிடுகிறது. சீக்கிரமே சிகிச்சை தொடங்குவது ஏன் முக்கியம் என்பது இதிலிருந்து புரியும்.

அடுத்த திருப்பம் 1998-ல் பிரான்ஸின் போர்டோ நகரில் நடந்தது. மிஷெல் ஹைசாகேர் தலைமையிலான குழு, 45 நோயாளிகளின் இதயத்தில் ஏஎஃப்-ஐத் தூண்டும் 69 புள்ளிகளைக் கண்டுபிடித்தது. அதில் 94 சதவீதம், நுரையீரலில் இருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருந்தது! இன்று செய்யப்படும் 'அப்லேஷன்' சிகிச்சைக்கு அடிப்படை இதுதான். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றிச் சூட்டாலோ குளிராலோ ஒரு தழும்பு வளையத்தை உண்டாக்குவார்கள். தவறான மின்துடிப்பு அதைத் தாண்டி வராது.

மாத்திரை போட்டா சரியாயிடுமா?

துடிப்பைச் சீராக்க மாத்திரைகள் உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாத்திரை கிடையாது. இதற்கு ஒரு கசப்பான பாடமும் இருக்கிறது. மாரடைப்பு வந்தவர்களின் கீழறையில் ஏற்படும் கூடுதல் துடிப்புகளை அடக்கினால் உயிர் காக்கலாம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அமெரிக்காவில் 'காஸ்ட்' என்ற ஆய்வு இதைச் சோதித்தது. இரண்டு மருந்துகளை எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். துடிப்பு அடங்கியது, ஆனால் உயிரிழப்பு கூடியது. 1989-லேயே அந்த மருந்துகளை ஆய்விலிருந்து நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளிலும் இதே கதைதான். இன்று பலருக்குப் புதிய தலைமுறை மருந்துகள் தரப்படுகின்றன. ஆனால் சிறுவயது மூட்டுக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, அதனால் ஏஎஃப் வந்தவர்களிடம் நடந்த 'இன்விக்டஸ்' ஆய்வு 2022-ல் வெளியானது. அதில் ரிவராக்சபான் என்ற புதிய மருந்தைவிட, வார்ஃபரின் வகைப் பழைய மருந்து எடுத்தவர்களிடையே உயிரிழப்பு குறைவாக இருந்தது. வால்வு பாதிப்பு இன்னும் பரவலாக உள்ள இந்தியா போன்ற நாடுகளுக்கு இது முக்கியமான தகவல். அடிக்கடி 'ஐஎன்ஆர்' ரத்தப் பரிசோதனை செய்வது அலுப்புதான், ஆனாலும் மருத்துவர் சொல்லாமல் மருந்தை மாற்றாதீர்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி நாடி பாருங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஈசிஜி எடுங்கள்.

* ஏஎஃப் வந்து வந்து போகும். ஈசிஜி நார்மல் என்றாலும் தொந்தரவு தொடர்ந்தால், 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

* ஸ்மார்ட் வாட்ச் எச்சரித்தால் பதற வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். அது எச்சரிக்கவில்லை என்பதால் நோயே இல்லை என்றும் அர்த்தமில்லை.

* ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் எடை, தைராய்டு ஆகியவற்றைக் கவனியுங்கள். மது ஏஎஃப்-ஐத் தூண்டும். தூக்கத்தில் மூச்சுத் திணறலுடன் பலத்த குறட்டை வந்தால் அதையும் சொல்லுங்கள்.

* படபடப்புடன் மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தாலோ, முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

படபடப்பு நின்றுவிட்டது என்பதற்காக ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். துடிப்பு சீரானாலும் பக்கவாத ஆபத்து பலருக்குத் தொடரும். எப்போது நிறுத்தலாம் என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.